வடிக்காத தண்ணீர்

"குடி ராசாத்தி, வயிறு முட்டக் குடி. இனி உனக்கு ஆர் இப்பிடித் தரப்போறது?"

கொஞ்சிக்கொண்டே கோப்பையைச் சரித்தாள் புஸ்பராணி. பால் கலந்த குளத்துத் தண்ணீர் கண்ணாடித் தொட்டிக்குள் வெள்ளையாய்க் கலங்கிப் பரவியது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேறு எவரும் இல்லை.

தொட்டியில் மிதந்தது வேரில்லாத ஒரு நீர்ச்செடி. விஞ்ஞான ஆசிரியர் ஞானசேகரம் கந்தளாய்க் குளத்திலிருந்து கொண்டுவந்து வளர்த்தது. தண்டெல்லாம் கடுகளவு பைகள். நீர்த்தெள்ளு என்கிற பொடிப்பூச்சி கிட்டப் போனால் போதும், பை வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்கிவிடும்.

அந்தத் தீனியை வளர்ப்பது ஆய்வுகூட உதவியாளரான புஸ்பராணியின் வேலை. ஒரு வாளி குளத்துத் தண்ணீரில் வைக்கோலும் கொஞ்சம் பாலும் ஊறினால் தெள்ளு பெருகும். அதைத் துணியில் வடித்து, மழைத்தண்ணீரில் அலசி, தெள்ளை மட்டும் போட வேண்டும். அழுகல் தண்ணீர் செடியில் படவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான், பரீட்சை மேற்பார்வைக்காக மூதூருக்கு லோஞ்சுப் படகு ஏறியிருந்தான் ஞானசேகரம்.

அவன் போன நாளிலிருந்து அவள் வடிக்கவேயில்லை. அள்ளியதை அப்படியே ஊற்றினாள். தண்டு கறுத்தது; பைகள் கொழகொழத்து உதிர்ந்தன. அழுகல் வாடை மூக்கில் ஏற ஏற அவள் நெஞ்சு குளிர்ந்தது.

சும்மா வந்த கோபமா அது? அவள் தங்கை இரத்தினேஸ்வரிக்கும் ஞானசேகரத்துக்கும் நாள் வைத்து, கூறைச் சேலை எடுத்து, ஊரெல்லாம் கார்டு கொடுத்த பிறகு, "சாதகம் சரியில்லை" என்று வாசலில் நின்று சொன்னாள் அவன் தாய். அவனோ தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்தான். அதன்பிறகு தங்கை தையல் வகுப்புக்கும் தலை குனிந்துதான் போய்வந்தாள். தலையில் ஒரு பூ வைத்ததில்லை.

இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் வருகிறார். செடி செழித்திருந்தால் ஞானசேகரத்துக்கு அங்கே ஆராய்ச்சி உதவியாளர் வேலை. செழித்திருந்தால்!

இறங்குதுறையிலிருந்து பையும் கையுமாக ஓடிவந்த ஞானசேகரம், தொட்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன அக்கா இது? வடிச்சுத்தானே போட்டனீங்கள்?"

கொஞ்ச நாளாகத்தான் இந்த 'அக்கா'. முன்பெல்லாம் 'மிஸ்'. காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் உறவு கொண்டாடத் தெரிகிறது என்று பல்லைக் கடித்தாள் புஸ்பராணி.

"நீங்கள் காட்டித்தந்த மாதிரித்தான் சேர். உங்கட செடிக்குச் சாதகம் சரியில்லையாக்கும்."

அவன் முகம் வெளுத்தது. ஆனால் கோபிக்கவில்லை. "உங்களில பிழை இல்லை அக்கா. என்ர தலைவிதி."

பேராசிரியர் வந்தார். கண்ணாடிக் கோலால் தண்டைத் தூக்கினார். அது சேறு போல வழிந்து விழுந்தது. "ஒரு செடியைப் பாத்துக்கொள்ள ஏலாதவரை நான் என்னெண்டு கூட்டிக்கொண்டு போறது? வேற ஆளைத்தான் எடுக்கவேணும்" என்றபடி காரில் ஏறிவிட்டார். ஞானசேகரம் வாங்குப் பலகையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அந்தக் காட்சியை ஆசை தீரப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பறந்தாள் புஸ்பராணி. வாசல் படலையடியில் இரத்தினேஸ்வரி நின்றாள். நல்ல சேலை. தலையில் கனகாம்பரம்!

"எடியே, அதுக்குள்ள உனக்கும் கதை வந்திட்டுதே?"

"என்ன கதை அக்கா? பேராசிரியர் வந்தவரே? என்ன சொன்னவர்?"

"வந்தார், மூக்கைப் பொத்தினார், போனார்!" புஸ்பராணி விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்னை அழவைச்சவனை இண்டைக்கு நான் அழவைச்சிட்டன். வடிக்காமல் ஊத்தி ஊத்தி நான்தான் அழுகப் பண்ணினனான். இனி அவனுக்குப் பேராதனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சாகுமட்டும் தாயின்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு இங்கயே கிடக்கட்டும்!"

இரத்தினேஸ்வரி படலையைப் பிடித்தபடி சரிந்து மணலில் உட்கார்ந்தாள்.

"என்னடி, சந்தோசத்தில தலை சுத்துதோ?"

"தாயை விட்டிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் அவர் அந்த வேலைக்கு அலைஞ்சவர்." தங்கை தலையிலிருந்த கனகாம்பரத்தை உருவி எடுத்தாள். "எங்களுக்குப் போன மாதமே பதிவுக்காரரிட்டக் கலியாண எழுத்து முடிஞ்சுது, அக்கா."