தங்கை கையெழுத்து

“கையெழுத்துப் போட வந்தவ, போட்டுட்டுக் கெளம்பு. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்கார எனக்கு நேரமில்ல.”

அண்ணன் சீறிய சீறலில் வக்கீலே நிமிர்ந்து பார்த்தார். எதிரே இருந்த பச்சைப் புடவைக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

வீடு வாங்க வந்தவருக்கும் அண்ணனுக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். மூலப் பத்திரம் எங்கே, வரி ரசீது எங்கே என்று அந்த மனுஷன் குடைந்து எடுத்துவிட்டார். கடைசியில், தங்கை நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்ததால் தங்கைக்கும் சரிபாதி. அப்படிச் சொல்லும் சட்டத்தின் மேலும் அண்ணனுக்கு ஆத்திரம்தான்.

“ஓடிப்போனவளுக்குப் பங்காம் சார். அன்னிக்கே தலைமுழுகிட்டோம். கட்டுனவன் பேரு என்ன, ஆளு கறுப்பா செவப்பா, எதையும் நாங்க கேட்டதில்ல.”

“அதான் பங்கே வேணாம்னு எழுதிக் குடுக்கறாங்களே. அப்புறம் ஏன் கத்தறீங்க?” என்றார் வக்கீல்.

வாங்க வந்தவர் அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

“பாதி வீட்ட சும்மா விட்டுக் குடுக்கறீங்க. உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

அவள் அண்ணனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “தெரியும். அவருதான் வேணாம்னாரு.”

“அவரே சொன்னாரா?”

“ஆமா. மானம்தான் பெருசு, அந்தச் சொத்து நமக்கு எதுக்குன்னாரு.”

“நல்ல மனுஷன்தான்,” என்றார் அவர்.

அண்ணன் மேசையில் ஓங்கி அறைந்தார். “நீங்க வீடு வாங்க வந்தீங்களா, குடும்பத்த விசாரிக்க வந்தீங்களா?”

“கோபப்படாதீங்க, இதெல்லாம் கேக்க வேண்டியதுதான்,” என்று வக்கீல் தாளை நகர்த்தினார். “அவங்க இங்க போடட்டும். இவங்கதான் உங்க தங்கச்சின்னு நீங்க கீழ சாட்சி போடுங்க.”

அவள் போட்டாள். அண்ணன் தாள் கிழியாத குறையாகப் போட்டார்.

“இப்பத் திருப்தியா? கூடப் பொறந்தவள எனக்குத் தெரியாதா?”

வாங்க வந்தவர் தாளை எடுத்தார். இரண்டு கையெழுத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு அதை வக்கீல் கையிலேயே கொடுத்தார்.

“அப்போ என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா, மச்சான்?”