பனிக்கால்வாயில் நிற்பவர்

டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவை விட்டுப் போனபோது ஓர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களையும் விட்டுப் போனார்கள். அவற்றைத் தேடி ஹாலந்திலிருந்து வந்த ஹெஸ்டரை, மலாங் நகரில் லஸ்த்ரி அம்மாவின் வீட்டுக்கு, மொழிபெயர்க்க உடன் வந்த நான்தான் அழைத்துப்போனேன்.

ஹெஸ்டரின் பட்டியலில் ‘உறைந்த கால்வாய், மனிதர் எவருமில்லை’ என்றிருந்தது. சாப்பாட்டறையில் மாட்டியிருந்த ஓவியத்திலோ, பனிக்கட்டியின்மேல் கைலி கட்டிய ஒருவர் நின்றிருந்தார்.

“யாரும்மா இது?” என்று கேட்டேன்.

“எங்க வீட்டுக்காரர்தான். செத்த நாற்பதாம் நாள் வந்து நின்னார். அந்தக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா? என்னைக்குத்தான் சொன்ன பேச்சைக் கேட்டார்!”

ஹெஸ்டர் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தாள். பழைய வண்ணப்பூச்சின் நுண்வெடிப்புகள் அவர் உடம்பின் மீதும் அறுபடாமல் ஓடின. அப்படியென்றால் அந்த உருவம் பிறகு எவரும் சேர்த்து வரைந்ததல்ல.

“இவரை எடுத்துட்டுப் போயிடுவாங்களா?” என்று கேட்டார் லஸ்த்ரி அம்மா. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

ஹெஸ்டர் பட்டியலில் ‘இது எங்கள் ஓவியம் அல்ல’ என்று எழுதினாள். நான் அதைப் படித்துக் காட்டியதும் லஸ்த்ரி அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு இஞ்சித் தேநீர் கொண்டுவந்தார்.

குடித்துவிட்டு நாங்கள் விடைபெற எழுந்தபோது, ஓவியத்தில் நின்றிருந்தவர் கால்வாய்க் கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.