காற்றுப் பட்டால் கறுக்கும்

சலவைக்கடையின் பின்னறையில் சன்னல் வெயில் மேசைமேல் விழுகிறது. அங்கே ஒரு வெள்ளைச் சட்டை விரிந்து கிடக்கிறது. நாளைக் காலை மாப்பிள்ளையாகப் போகிற, சலவைக்காரரின் மச்சினனுடையது. அதன் மார்பில், பைக்குச் சற்றுக் கீழே, மிளகளவு ஒரு பால்துளி. பக்கத்தில் குவிந்த வாடிக்கைத் துணிகளின் கழுத்துப்பட்டைக்குள், எது யாருடையது என்று தெரிய, குறி போட்டுக்கொண்டிருந்த அவரது ஊசிமுனையிலிருந்து இப்போதுதான் சொட்டியது. கிண்ணத்தில் அடிவாரக் காட்டின் பச்சைச் சேராங்கொட்டைகள். பட்டால் மேலெல்லாம் கொப்பளிக்கும் என்று அந்த மரத்தை விறகுக்குக்கூட யாரும் வெட்டுவதில்லை. முற்றிய கொட்டையை வைத்தியர் மருந்துக்கு வாங்குகிறார், வண்டிக்காரர் அதன் எண்ணெயை அச்சுக்குத் தடவுகிறார். சலவைக்காரருக்கு வேண்டியது பிஞ்சின் பால். பிழியும்போது வெள்ளை, அப்புறம் கறுப்பு. எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது.

"என் தம்பி என்ன நம்ம கடை வாடிக்கையா, குறி போட்டு அனுப்ப?" என்கிறாள் மனைவி. "கை தவறிப்போச்சுடி. சோப்பக் கொண்டா." "சோப்புக்குப் போறதா இருந்தா இத வச்சு ஏங்க குறி போடுறோம்?" அவர் பதறிக் குனிந்து துளியை ஊதுகிறார். "ஐயோ, ஊதாதீங்க! காத்து பட்டாத்தான் கறுக்கும்!" அவர் வாயை இறுக மூடிக்கொள்கிறார். இரண்டு தலைகளும் சட்டைமேல் கவிழ்ந்திருக்கின்றன. இஸ்திரிப்பெட்டியின் கரி மெல்ல வெடிக்கிறது. அடக்கிய மூச்சில் அவர் கழுத்து நரம்பு புடைக்கிறது. துளியின் விளிம்பு பழுப்பாகிறது. பழுப்பு மெதுவாக நடுவுக்கு நகர்கிறது. அவர் இன்னும் மூச்சு விடவில்லை.