பாசியக்காவோட காவல்

மாலைக்கண்ணுல தடுமாறுற ஒரு பிள்ளையோட கண்ணுக்குப் போகணும்னு கெளம்புச்சாம் ஒரு சொட்டு மீனெண்ணெய். வயித்துப் புளிப்பு அதைக் கெடுத்துடாம, கடல்பாசி ஜெல்லி ஒண்ணு சுத்திப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே வந்துச்சு. (அந்தப் பாசியோட தங்கச்சி கல்யாணப் பந்தியில ஃபலூடாவுல குலுங்குனவ. அவ கதை பெருசு, விடு!)

இரைப்பையைத் தாண்டிக் குடலுக்கு வந்தாச்சு.

"அக்கா, நான் இறங்குற இடம் இதான். கையை எடு."

"சும்மா கிட. புது எடம், யாரு எப்படியோ!"

"ஐயோ, புள்ளைக்குக் கண்ணு தெரியாதுக்கா!"

பாசி இன்னும் இறுக்குச்சு. கடைசியில குடலையும் தாண்டி வெளிய வந்து, தொபுக்குன்னு தண்ணியில விழுந்தாங்க. சுத்தியும் வெள்ளைப் பீங்கான்.

"பாத்தியா, ஒரு கீறல் இல்லாம கொண்டாந்துட்டேன்!"ன்னு பாசி பூரிச்சுது.

மேல, அந்தி மங்கல்ல அந்தப் பிள்ளை தண்ணி ஊத்துற சொம்பைத் தடவித் தடவித் தேடிக்கிட்டிருந்துச்சு.