நேற்றைய விலை

பழுதாகிப்போன பென் டிரைவின் பழைய அட்டையைக் கடையின் கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து விரலால் அழுத்திக் காட்டினான்.

ஐந்தாண்டு உத்தரவாதம் என்று அதில் அச்சிட்டிருந்தது. வாங்கி நான்கு ஆண்டுகள்தாம் ஆகின்றன.

கடைக்காரர் மறுக்கவில்லை. புதியது ஒன்றை எடுத்து நீட்டினார்.

உள்ளே இருந்தது?

அதற்கு உத்தரவாதம் இல்லையாம்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டிக்குப் பொறுப்பு உண்டு, பெட்டிக்குள் வைத்ததற்கு இல்லை என்றால் எதை நம்பி இதை விற்கிறார்கள்? எதை நம்பி இதை அவன் வெங்காய வண்டியில் செருகிக்கொண்டு கோவில்பட்டி முழுவதும் சுற்றினான்?

உள்ளே இருந்தது ஒரே ஒரு குரல்.

‘வெங்காயம், வெங்காயம். மூணு கிலோ நூறு ரூவா. பாத்து எடுத்துக்கோங்க தாயி.’

அவன் மனைவி சண்முகக்கனி. காலையில் சரக்கு ஏற்றியதும் அன்றைய விலையைச் செல்பேசியில் பேசிப் பதிந்து தருவாள். அவன் பென் டிரைவில் முந்தைய நாளின் குரலை அழித்துவிட்டு அதை ஏற்றுவான். செல்பேசியிலும் விட்டுவைப்பதில்லை. ஒலிபெருக்கி சொன்னதுதான் விலை. நேற்றைய விலை தவறி ஒலித்துவிட்டால் தெரு சும்மா விடாது.

ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அதன்பின் அவன் எதையும் அழிக்கவில்லை.

ஐந்து மாதங்கள். வெங்காயம் கிலோ ஐம்பதைத் தொட்டது. அவன் மூன்று கிலோ நூறு என்றே நிறுத்தான். யாவாரமா அன்னதானமா என்று மற்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நட்டத்தை ஈடுகட்ட மோதிரம் போயிற்று.

கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். எத்தனை முறை கேட்டாலும் இது அவ்வளவாகத் தேயாது. அழித்து அழித்து எழுதினால்தான் தேயும்.

“தெனமும் நீங்கதான அண்ணாச்சி அழிச்சிருக்கீங்க.”

அப்படியானால் அதை ஏன் அச்சிடவில்லை? உத்தரவாதத்தைக் கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு, அழித்தால் தேயும் என்று பொடி எழுத்தில் போடவாவது கை வரவில்லையா?

ஓங்கிய கை பலகையில் இறங்கவில்லை.

ஆயிரம் காலைகளுக்குமேல். இருமலோடு சொன்ன நாள். பாதியில் சிரித்துவிட்ட நாள். சண்டை போட்டுக்கொண்டு, விலையை மட்டும் வெடுக்கென்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்ட நாள்.

எல்லாவற்றையும் அழித்தது அவனுடைய கட்டைவிரல்தான்.

புதியதைத் தொடாமல் படியிறங்கினான்.

வழக்கமான தெருவில் வண்டி ஓசையின்றி நின்றது. வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு எதிர்வீட்டுக்காரி கூடையோடு வந்தாள். வண்டியின் கூரையில் இருந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

இன்று என்ன விலை என்று கேட்டாள்.

ஐந்து மாதங்களில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

தராசுத் தட்டைத் துடைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மூணு கிலோ நூறு ரூவா,” என்றான். “பாத்து எடுத்துக்கோங்க தாயி.”