சிவப்பு மூடிப் பாத்திரம்

“ஒன்றரைக் கிலோ குறைஞ்சிருக்கும்மா. சரியாச் சாப்பாடு போடறீங்களா?” என்று கேட்டுவிட்டார் நாய் டாக்டர்.

மாமியாருக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து என்ன கேள்வி. பெற்ற மகனைப் பெரியவன் என்றும் வளர்த்த நாயைச் சின்னவன் என்றும் கூப்பிடுகிறவள் அவள். இருவரில் யார் மேல் பாசம் அதிகம் என்று பெரியவனுக்கே சந்தேகம் உண்டு.

நாலு மாதத்துக்கு முன் சின்னவன் விடாமல் சொறிந்து, முடி கொட்டி, வயிறும் கெட்டு நின்றபோது, பால் சாமான் எதுவுமே இதற்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவர் இதே டாக்டர்தான். அன்றைக்கே தனிப் பாத்திரம் வந்தது, சிவப்பு மூடியோடு. தனிக் கரண்டி வந்தது. டாக்டர் எழுதிய சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. அரிசியும் மீனும் கேரட்டும் உப்பில்லாமல் வேகும். வெண்ணெய் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அந்த மூடியை மாமியார் தொடவே மாட்டாள்.

“நான் அளந்துதான் சமைக்கிறேன் டாக்டர்.”

“தட்டுல போடறது யாரு?”

காலையில் மாமியார். மதியம் அவள் படுத்துவிடுவதால் மருமகள்.

மாமியாருக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. அவளுக்கு எப்போதுமே சீக்கிரம் புரியும்.

வழியெல்லாம், காரோட்டிய மகனிடம் பொரிந்து தள்ளினாள். கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சின்னவன் மேல் பொறாமை. மேஜையில் வைத்ததையும் ஒழுங்காகத் தின்பதில்லை, கொறித்துவிட்டு எழுந்துவிடுகிற நாசூக்குக்காரி. நாய்க்குப் போடுவதைக் குப்பையில் கொட்டுகிறாளோ என்னவோ.

“வாயில்லா ஜீவன்டா. அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவன் தலையாட்டினான். அம்மா எது சொன்னாலும் தலையாட்டுவது அவனுக்குக் கைவந்த கலை.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் மாமியார் போய்ப் படுத்தாள். பத்து நிமிஷம் பொய்யாகக் குறட்டைகூட விட்டாள். அப்புறம் பூனை மாதிரி எழுந்து வந்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள்.

சின்னவன் தன் தட்டில் இருந்ததைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே தரையில் மருமகள். மடியில் சிவப்பு மூடிப் பாத்திரம். இடது உள்ளங்கையில் கொஞ்சம் உப்பு வைத்துக்கொண்டு, நாயின் கரண்டியால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

“அடிப்பாவி, நாய்ச் சோத்தையா திருடித் தின்னுறே? மேஜை நிறைய செஞ்சு வெச்சேனே, அது இறங்கலையா?”

மருமகள் பதறவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

“அதுல வெண்ணெயோ பாலோ போடாதது எது அத்தை?”

மாமியார் மேஜையில் வைத்ததையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை.

தனக்கும் பால் ஒத்துக்கொள்ளாது, தொண்டை வீங்கிவிடும் என்று மருமகள் வந்த முதல் நாளே சொன்னாள். டாக்டர் சீட்டையும் காட்டினாள். அந்தச் சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஏறவில்லை, பழைய பேப்பர் கட்டுக்குள் போயிற்று. நானே சமைத்துக்கொள்கிறேன் என்றாள். என் அடுப்படியில் வேறு கை படக் கூடாது என்று பதில் வந்தது. வெளியில் வாங்கித் தின்றதற்கு மூன்று நாள் பேச்சே இல்லை. போன வாரம், எல்லாம் நடிப்பு என்று நிரூபிப்பதற்காகவே, ஒன்றும் போடவில்லை என்று சொல்லி சூப்பில் இரண்டு கரண்டி வெண்ணெய் கரைத்தாள் இந்தப் புண்ணியவதி. உதடு வீங்கி மருமகள் மூச்சுக்குத் தவித்தபோது, கொசு கடித்திருக்கும் என்றாள். பெரியவன் தலையாட்டினான்.

“கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா? இப்படியா ஒரு வாயில்லா ஜீவன் வயித்துல அடிப்பே?” என்றாள் மாமியார், குரலைக் கொஞ்சம் இறக்கி.

“வாயில்லாதது சொறிஞ்சா உங்களுக்குப் புரியுது அத்தை. வாய் இருக்கிற நான் சொன்னா நடிப்புன்னு படுது. அதான், நீங்க நம்பிச் சமைச்ச பாத்திரமாப் பார்த்துச் சாப்பிட்டேன்.”

மாமியார் வந்த வழியே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். இந்தத் தடவை குறட்டை வரவில்லை.

மறுநாள் காலை சிவப்பு மூடிப் பாத்திரத்தில் மூன்று பிடி அரிசி கூடுதலாக விழுந்தது. ஒரு மீன் துண்டும் அதிகம். முதல்முறையாக உப்பும் போட்டாள்.

ஏன்மா இவ்வளவு என்று கேட்டான் பெரியவன்.

“சின்னவன் இளைச்சுப் போயிட்டான்ல. டாக்டர்தான் கூடப் போடச் சொன்னார்,” என்றாள் மாமியார், மருமகள் பக்கம் திரும்பாமலே.