ஒன்பது வோல்ட்
பேஸ் கிட்டாரைக் கரகரக்க வைக்கும் பெட்டியை வீட்டிலேயே செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளவத்தை மாடி அறையில், பிஸ்கட் தகரத்துக்குள் தனுஷியா கடைசி வயரைப் பற்றவைக்கிறாள். ஈயப்புகை யன்னல் வெயிலில் சுருண்டு ஏறுகிறது. தகரத்துக்குள் இருக்கும் சிப்புக்கு மாற்றுச் சிப் இல்லை. ஆறு மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் மேடை. போனமுறை போல இன்றும் பெட்டி பாதியில் செத்தால் பேஸுக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார் குழுத்தலைவர் புவாத். அவளுடைய அடப்டர் காலையில் பழுதாகிவிட்டதால், தன் வீட்டு ரவுட்டரின் அடப்டரோடு அவரே வந்து நிற்கிறார். “இதுவும் ஒம்பது வோல்ட்தானே, குத்துங்க தங்கச்சி. கீழ த்ரீவீல்காரன் ஹோர்ன் அடிச்சே செத்து மௌத்தாகிடுவான்.” “பொறுங்கோ நானா. ரவுட்டர் ப்ளக்குக்கு நடுவில ப்ளஸ், இந்தப் பெட்டிக்கு நடுவில மைனஸ். அப்பிடியே குத்தினா சிப் கருகிடும்.” “மகாராணிக்குக் கரண்டும் தனியா வரணுமோ?” அவள் சிரிக்கவில்லை. அடப்டரின் வயரை வெட்டி, இரண்டு முனைகளையும் மாற்றிப் பற்றவைக்கிறாள். கடற்கரையோரம் ரயில் போகிறது. மேசை நடுங்கி ஓயும்வரை கையை அந்தரத்தில் பிடித்திருக்கிறாள். பிறகு சுவிட்சைப் போடுகிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. பேஸின் தடித்த தந்தியை ஒருமுறை சுண்ட, யன்னல் கண்ணாடி உறுமுகிறது. புவாத் பெட்டியைத் தூக்கிக்கொள்கிறார். மறுநாள் காலை அவர் போன் எடுத்து, வியாழக்கிழமை ப்ராக்டிஸ் நாலு மணிக்கு, நேரத்துக்கு வாங்க என்று மட்டும் சொல்கிறார்.